கடலில் உயிர்பிழைக்கும் கேம்: எதை முதலில் செய்வது, எங்கே இடறுவீர்கள்

இந்த வகை கேம் ஒன்றைப் பாதி செய்து தூக்கிப்போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவன் நான். அதற்கப்புறம் நான்கைந்து புதியவர்கள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் விழுகிறோம். முதல் நாளே தண்ணீரை அழகாக்க உட்கார்ந்துவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்து நுரை இருக்கும், பளபளப்பு இருக்கும், அஸ்தமனம்கூட இருக்கும். தெப்பத்தில் ஆள் நிற்க முடியாது.

நான் சொல்லப்போவது ஒற்றை ஆள் ஆடும் கேமுக்கு: ஒரு தெப்பம், மிதந்து வரும் பொருள்கள், பசி, தாகம், ஒரு சுறா. எஞ்சின், அதாவது கேம் செய்யும் மென்பொருள், கோடோ. யூனிட்டியில் செய்பவர்களுக்குப் பெயர்கள்தான் மாறும், வரிசை இதுவே.

1. தொடங்கும் முன்

கோடோ 4.4 அல்லது அதற்குப் பிந்தையதை எடுங்கள். முப்பரிமாண இயற்பியலுக்கான இன்டர்போலேஷன் (இயற்பியலின் இரண்டு கணக்குகளுக்கு இடைப்பட்ட நிலையை இட்டு நிரப்புவது) கோடோ 4 வரிசையில் அதில்தான் வந்தது. இயற்பியல் விநாடிக்கு 60 முறை ஓடும்; 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் இன்டர்போலேஷன் இல்லாமல் மிதக்கும் பொருள் எல்லாம் நடுங்கும். ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் வரையும் நிரல்) கம்பைல் ஆகும்போது வரும் திடீர் தடங்கலும் அந்தப் பதிப்பில் நன்றாகக் குறைந்திருக்கிறது.

உங்களிடம் இருப்பதிலேயே மோசமான கணினியை எடுத்துத் தனியாக வையுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப் என்றால் இன்னும் நல்லது. அதில் விநாடிக்கு 30 ஃபிரேம் என்று இலக்கு வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிவிநாடி கிடைக்கும். 60 என்றால் 16.6 தான். இந்த எண்ணை இன்றே முடிவு செய்யாதவர்கள், கடைசி வாரத்தில் பாதி வேலையைப் பிய்த்து எறிகிறார்கள்.

‘நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வசதியைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று நினைக்காதீர்கள். அதைப் பின்னால் சேர்ப்பது, கட்டி முடித்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிற கதை. முதல் கேமில் வேண்டாம்.

2. தட்டையான கடலில் ஆடிப் பாருங்கள்

உயரம் பூஜ்யத்தில் ஒரு நீலத் தளம். அதன்மேல் ஒரு பழுப்புப் பெட்டி, அதுதான் தெப்பம். எதிரிலிருந்து சின்னப் பெட்டிகள் மிதந்து வரட்டும். கொக்கி வீசி இழுக்கட்டும். இழுத்ததை வைத்து எதையாவது செய்யட்டும். முதல் இரண்டு வாரம் இதைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

காரணம் எளிது. இந்த வகை கேமின் சுவை பற்றாக்குறையில் இருக்கிறது. நீலத் தளத்தின்மேல் பெட்டியை இழுக்கும்போதே ‘ஐயோ, அதை விட்டுட்டேனே’ என்று தோன்றவில்லை என்றால், அலை வந்து காப்பாற்றப் போவதில்லை.

இங்கே செய்ய வேண்டியது வரவு செலவுக் கணக்கு. என் கேமில் தாக மீட்டர் முழுதும் காலியாக 12 நிமிடம் வைத்தேன். கடல்நீரை வடிக்கும் அடுப்புக்கு 6 பலகை, 4 பிளாஸ்டிக், ஆக 10 பொருள். நிமிடத்துக்கு 5 பொருள் மிதந்து வருகிறது. புதிதாக ஆடுபவர் அதில் இரண்டைப் பிடிப்பார். பத்துப் பொருளுக்கு 5 நிமிடம். ஆனால் வேண்டிய பொருளே வரிசையாக வந்துவிடாது, அதனால் நடைமுறையில் 7, 8 நிமிடம். மிச்சம் 4 நிமிட அவகாசம். முதல்முறை ஆடுபவர் பதறவும் வேண்டும், பிழைக்கவும் வேண்டும். அதற்கு இந்த இடைவெளி சரியாக இருந்தது. இந்தக் கணக்கைப் போடாமல், தோன்றிய எண்ணை எழுதிவிட்டு ‘ஏன் எல்லோரும் செத்துப்போகிறார்கள்?’ என்று கேட்பவர்களே அதிகம்.

தாகம் பசியைவிட வேகமாகக் குறையட்டும். உண்மையிலும் தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தாண்டுவதே கடினம். சோறு இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கலாம். இரண்டும் ஒரே வேகத்தில் குறைந்தால் இரண்டு மீட்டர் வைத்திருப்பதற்கே அர்த்தமில்லை. கடல்நீரைக் குடிக்க விடுங்கள், தடுக்காதீர்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு; அதை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் குடித்ததைவிட அதிக நீர் வேண்டும். கேமில் இதைக் காட்ட, குடித்தவுடன் மீட்டர் கொஞ்சம் ஏறட்டும், அடுத்த ஒரு நிமிடம் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கட்டும். ஒரு தடவை ஏமாந்தவர் மறுபடி குடிக்க மாட்டார். விளக்கப் பலகை எதுவும் தேவைப்படாது.

இந்த எண்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஸ்கிரிப்டுகளில் சிதறிக் கிடந்தால், எதை மாற்றினோம் என்று உங்களுக்கே தெரியாமல் போகும். மீட்டர் குறைவதை ஃபிரேம் கணக்கில் எழுதாமல் கழிந்த நேரத்தால் பெருக்கி எழுதுங்கள். இல்லையென்றால் நல்ல கணினி வைத்திருப்பவர் சீக்கிரம் தாகத்தில் சாவார்.

3. கடல் என்பது ஒரே ஒரு ஃபங்ஷன்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

‘இந்த இடத்தில், இந்த நொடியில், நீர்மட்டம் எவ்வளவு?’ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரே ஃபங்ஷனை எழுதுங்கள். முதலில் அது பூஜ்யத்தைத் திருப்பித் தரட்டும். தெப்பம், ஆள், சுறா, பலகை, கேமரா, நீருக்கடிச் சத்தம் என எல்லாம் அதையே கேட்கட்டும். அலை வரும் நாளில் ஃபங்ஷனின் உள்ளே மட்டும் மாறும், மற்ற எதையும் தொட வேண்டியிருக்காது. இதைச் செய்யாதவர்களின் கேமில் சுறா ஒரு கடலில் நீந்தும், தெப்பம் வேறொரு கடலில் மிதக்கும்.

உள்ளே கெர்ஸ்ட்னர் அலை (முகடு கூராகவும் பள்ளம் அகலமாகவும் வரும் கணக்கு அலை) நான்கு போதும். என் அலைநீளங்கள் 60, 31, 17, 9 மீட்டர். வீச்சு முறையே 0.9, 0.45, 0.22, 0.1 மீட்டர். ஒன்று இன்னொன்றின் மடங்காக இருந்தால் கோலம்போல ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும், அதனால்தான் இந்த ஒழுங்கில்லாத எண்கள். திசைகள் காற்றின் திசைக்கு இருபுறமும் 30, 40 டிகிரிக்குள் இருக்கட்டும்.

அலையின் வேகத்தை நீங்களாக வைக்காதீர்கள். ஆழ்கடலில் அதை அலைநீளமே தீர்மானிக்கிறது: அலைநீளத்தை 9.8-ஆல் பெருக்கி, 6.28-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 60 மீட்டர் அலைக்கு விநாடிக்கு 9.7 மீட்டர் வரும். 9 மீட்டர் அலைக்கு 3.7 தான். எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் கொடுத்தால் கடல், யாரோ படுதாவைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். ஏன் அப்படித் தெரிகிறது என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் போலி என்று கண்டுபிடித்துவிடுவார்.

செங்குத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு அலைக்கும் 6.28-ஐ அலைநீளத்தால் வகுத்து வீச்சால் பெருக்குங்கள். நான்கையும் கூட்டினால் 1-ஐத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன எண்களுக்கு 0.34 வருகிறது. புயலுக்கு வீச்சை இரண்டு மடங்காக்கினால் 0.67, பிரச்சினை இல்லை. மூன்று மடங்காக்கினால் 1.01, அலைமுகடு தனக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு முடிச்சு முடிச்சாகத் தெரியும். புயல் வரும்போது வீச்சை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். அலைநீளத்தையோ திசையையோ ஆட்டத்தின் நடுவே மாற்றினால் கடல் முழுதும் ஒரு பக்கமாக வழுக்கி ஓடும்.

இப்போது ஒரு நுணுக்கம். கெர்ஸ்ட்னர் அலை புள்ளியை மேலே மட்டும் தூக்காது, பக்கவாட்டிலும் நகர்த்தும். ஆகவே தெப்பத்தின் நேர்கீழே இருக்கும் நீர், வேறொரு இடத்திலிருந்து நகர்ந்து வந்த நீர். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க: இந்த இடமே என்று ஊகியுங்கள், அங்கே எவ்வளவு நகர்வு என்று பாருங்கள், அந்த நகர்வைக் கழித்து மறுபடி ஊகியுங்கள். மூன்று தடவை போதும். இதை விட்டுவிட்டால் தெப்பம் அலையின் சரிவில் ஒரு சாண் அளவுக்கு முழுகியோ அந்தரத்திலோ நிற்கும். பலர் அதைத் தெப்பத்தின் தவறு என்று நினைத்து எடையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைசியாக, நேரம். கடலை வரைவது ஷேடர். தெப்பத்தை மிதக்க வைப்பது ஸ்கிரிப்ட். இரண்டும் ஒரே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஷேடருக்கு கோடோ தானாகவே தரும் நேரத்தைப் பயன்படுத்தினேன். ஸ்கிரிப்டில் என் சொந்தக் கணக்கு. எல்லாம் சரியாகத்தான் ஓடியது. ஒருநாள் சோதித்துப் பார்த்த நண்பர் ‘ஒரு மணி நேரம் ஆடினா தெப்பம் பறக்குது’ என்றார். நான் நம்பவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆடினேன், பறந்தது. கோடோவின் ஷேடர் நேரம் இயல்பாக 3,600 விநாடியில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். என் ஸ்கிரிப்டின் நேரம் திரும்பவில்லை. இரண்டு நாள் போனது. நீங்கள் முதலிலேயே சொந்தக் கடிகாரம் வைத்து, அதை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஷேடருக்கு அனுப்பிவிடுங்கள். பாஸ் அழுத்தினால் கடலும் நிற்கும் என்பது கூடுதல் லாபம்.

4. தெப்பத்தை மிதக்க வைப்பது

இரண்டு வழி. முழு இயற்பியல் ஒன்று, ஏமாற்று வேலை இன்னொன்று. ஆள் நிற்கும் தெப்பத்துக்கு ஏமாற்று வேலையே நல்லது.

தெப்பத்தின் நான்கு மூலைகளில் நீர்மட்டத்தைக் கேளுங்கள். சராசரி, தெப்பத்தின் உயரம். வித்தியாசம், அதன் சாய்வு. இரண்டையும் சட்டென்று வைக்காமல் மெல்லத் தொடரவிட்டால் கனம் வந்துவிடும். தெப்பம் பெரிதாக ஆக, மூலைகள் விலகும், ஆட்டம் தானாகக் குறையும். அதற்கென்று ஒரு வரி எழுத வேண்டாம். சாய்வை 8 டிகிரிக்கு மேல் விடாதீர்கள். ஆடுபவருக்குத் தலை சுற்றும்.

முழு இயற்பியலில் என்ன கெடுதல் என்றால், ஆள் அதன்மேல் நடக்க வேண்டும், சுவர் எழுப்ப வேண்டும், அடுப்பு வைக்க வேண்டும். சாய்ந்து குலுங்கும் ரிஜிட்பாடியின் (இயற்பியல் எஞ்சின் நகர்த்தும் பொருளின்) மேல் நடக்கும் ஆள் வழுக்குவார், அதிர்வார், சில சமயம் தரைக்குள் போய்விடுவார். அதனால் ஆளின் நடையைத் தெப்பத்தின் உள் அச்சில் கணக்கிடுங்கள். அவருக்குத் தரை எப்போதும் சமம். சாய்வது கண்ணுக்கு மட்டும்.

மிதந்து வரும் பீப்பாய்க்கும் பலகைக்கும் உண்மையான இயற்பியல் போடலாம். நான்கு புள்ளிகளில், எவ்வளவு முழுகியிருக்கிறதோ அவ்வளவு மேல்விசை. கூடவே தணிப்பு வேண்டும். இல்லாவிட்டால் பலகை ரப்பர் பந்துபோல் குதித்துக்கொண்டே இருக்கும். இங்கே கோடோவில் எல்லோரும் மிதிக்கும் கண்ணிவெடி ஒன்று உண்டு. விசை கொடுக்கும் ஃபங்ஷனில் இரண்டாவதாகக் கொடுப்பது உலகில் அந்தப் புள்ளி இருக்கும் இடம் அல்ல. பொருளின் மையத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி என்பது. தவறாகக் கொடுத்தாலும் உலகின் நடுப்புள்ளிக்கு அருகில் ஓரளவு சரியாகவே வேலை செய்யும். 200 மீட்டர் தள்ளி அதே பலகை பம்பரமாகச் சுற்றும். ‘தூரம் போனா ஏன் சுத்துது?’ என்று யாராவது கேட்டால், நான் ஸ்கிரிப்டைப் பார்க்காமலே பதில் சொல்லிவிடுவேன்.

தெப்பத்தைக் கட்டுமரம்போலக் கட்டைகளை இடைவெளியோடு பிணைத்ததாக வடிவமையுங்கள். நிஜக் கட்டுமரத்தில் கட்டைகளுக்கு இடையே நீர் ஏறி இறங்கும், அது இயல்பு. உட்குழிந்த படகு என்றால் கடலின் மெஷ் (அதன் வடிவமான முக்கோண வலை) படகுக்குள்ளும் தெரியும். அதை மறைக்கத் தனியாக ஒரு மறைப்பு வேலை. முதல் கேமுக்கு அந்தத் தலைவலி தேவையா?

5. பெரிய கடல், சின்ன எண்கள்

இடத்தைச் சேமிக்கும் 32 பிட் எண்ணுக்குத் துல்லியம் குறைவு. நடுப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டர் தாண்டினால் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே 2 மில்லிமீட்டர்; 100 கிலோமீட்டரில் ஏறக்குறைய 8. கையில் பிடித்த கொக்கி நடுங்குவதில்தான் அது முதலில் தெரியும்.

வழி: தெப்பத்தை நகர்த்தாதீர்கள். அது எப்போதும் நடுவிலேயே இருக்கட்டும். தீவும் பொருளும் அதை நோக்கி வரட்டும். கடந்த தூரத்தை மட்டும் தனியே எழுதி வையுங்கள். அதை வெக்டாரில் வைக்காமல் இரண்டு தனி எண்களாக வையுங்கள். ஏனென்றால் கோடோவின் ஸ்கிரிப்டில் தனி எண் 64 பிட், வெக்டாரின் உள்ளே இருப்பது 32 பிட்.

அலையும் அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் தெப்பம் போகிறது, கடல் போகவில்லை என்றாகும். நான்கு அலைகளுக்கும் நேரத்தையும் தூரத்தையும் சேர்த்து, அலை தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஸ்கிரிப்டிலேயே கணக்கிட்டு, ஒரு சுற்றுக்குள் சுருக்கி, நான்கு சின்ன எண்களாக ஷேடருக்கு அனுப்புங்கள். மூன்றாம் பகுதியில் சொன்ன கடிகாரத்தையே அனுப்ப வேண்டாம் என்றாகிவிடும். பத்து மணி நேரம் ஆடினாலும் ஷேடருக்குப் போவது 6.28-க்குள் இருக்கும் எண்தான்.

6. இப்போது தண்ணீரை வரையலாம்

கேமராவுடன் நகரும் வலை ஒன்று: அருகில் நெருக்கம், தூரத்தில் அகலம். அதைக் கேமராவோடு வழவழவென்று நகர்த்தாதீர்கள். ஒரு கட்டத்தின் அளவுக்குத் தாவித் தாவி நகர்த்துங்கள். இல்லாவிட்டால் கேமரா அசையும்போதெல்லாம் அலையின் மேல் ஒரு நடுக்கம் ஓடும்.

கேமராவை மேலே திருப்பினால் கடல் திடீரென்று காணாமல் போகிறதா? தட்டையான மெஷ்ஷின் எல்லைப்பெட்டிக்கு (பொருள் கேமராவுக்குத் தெரியுமா என்று எஞ்சின் சோதிக்கும் பெட்டிக்கு) உயரமே இல்லை. ஷேடர் அதைத் தூக்குவது எஞ்சினுக்குத் தெரியாது. எல்லைப்பெட்டியைக் கையால் உயர்த்திக் கொடுத்தால் சரி.

பிரதிபலிப்புக்கு வானத்தின் படம் போதும். காட்சியைத் தலைகீழாக இன்னொரு முறை வரையும் முறை வேண்டாம், பழைய லேப்டாப் அதிலேயே படுத்துவிடும். நீருக்கடியில் சிவப்பு முதலில் மறையும். பத்து மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய போயே விடும். மூடுபனியின் நிறத்தை ஆழத்துக்கு ஏற்ப மாற்றினாலே அந்த உணர்வு வந்துவிடும். தலை நீருக்குள் போனதும் சத்தத்தின் உயர் அதிர்வெண்களை வெட்டுங்கள். நான் எழுதிய எந்த ஷேடரும் அந்த ஒரு வடிகட்டி அளவுக்கு யாரையும் அசத்தியதில்லை.

7. சுறா

சுற்றும், கடிக்கும், விலகும். மூன்று நிலை போதும். கடிக்கும் முன் மூன்று விநாடி எச்சரிக்கை கொடுங்கள். இல்லாவிட்டால் அது அபாயம் அல்ல, அநியாயம்.

8. வேகம்: அளக்காமல் கை வைக்காதீர்கள்

எடிட்டரில் அளக்காதீர்கள். ரிலீஸ் பில்டு எடுத்து, அந்தப் பழைய லேப்டாப்பில் 20 நிமிடம் ஓடவிட்டு, அது சூடான பிறகு அளங்கள். குளிர்ந்த லேப்டாப் பொய் சொல்லும்.

முதல் கேள்வி, தாமதம் எங்கே? திரைத் துல்லியத்தைப் பாதியாக்குங்கள். ஃபிரேம் நேரம் நன்றாகக் குறைந்தால் கிராஃபிக்ஸ் பக்கம். அசையவில்லை என்றால் பிராசஸர் பக்கம். இதைப் பார்க்காமல் படங்களைச் சுருக்கிக்கொண்டே ஒரு வாரம் கழித்தவர்களை எனக்குத் தெரியும். பிரச்சினை மிதக்கும் பலகையில் இருந்தது.

கடல் கேமுக்கே உரிய சிக்கல் அது. அசையாமல் கிடக்கும் பொருளை இயற்பியல் எஞ்சின் தூங்க வைத்துவிடும். மிதக்கும் பொருள் தூங்கவே தூங்காது. அலை எழுப்பிக்கொண்டே இருக்கும். 200 பொருள், தலைக்கு 4 புள்ளி, புள்ளிக்கு 3 ஊகம், ஊகத்துக்கு 4 அலை: ஒரு டிக்குக்கு (இயற்பியலின் ஓர் ஓட்டத்துக்கு) 9,600 அலைக் கணக்கு. விநாடிக்கு 60 டிக், அதாவது 5,76,000. ஸ்கிரிப்ட் மூச்சுத் திணறும். தெப்பத்திலிருந்து 25 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பொருளுக்கு இயற்பியல் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மல்ட்டிமெஷ்ஷில் (ஒரே வடிவத்தின் பல பிரதிகளை ஒரே தடவையில் வரையும் முறை) போட்டு, அலை உயரத்தை ஷேடரே பார்த்துக்கொள்ளட்டும். கொக்கி எட்டும் தூரத்துக்கு வரும்போது ரிஜிட்பாடியாக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் இருக்காது.

கிராஃபிக்ஸ் பக்கம் என்றால் முதலில் நிழலைப் பாருங்கள். சூரிய நிழல் இயல்பாக நான்கு பிரிவாக வரையப்படும், உங்கள் கடல் மெஷ்ஷும் அதில் போய் வரையப்பட்டுக்கொண்டிருக்கலாம். கடலின் நிழல் எதன்மேல் விழப்போகிறது? அணைத்துவிடுங்கள். நிழல் தூரத்தையும் 60 மீட்டருக்குக் குறையுங்கள். அடுத்தது ஒளி ஊடுருவும் நீர்: கடல் வலையின் தூரத்துப் பகுதிகளை ஊடுருவாத மெட்டீரியலில் வரைந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெப்பத்தின் பலகைகளையும் மல்ட்டிமெஷ்ஷில் சேருங்கள். நன்றாக ஆடுபவர் முந்நூறு பலகை கட்டிவிடுவார்.

9. சேவ்

காட்சியை அப்படியே சேமிக்காதீர்கள். உலக விதை எண் (அதே உலகத்தை மறுபடி உருவாக்க உதவும் எண்), கடிகாரம், கடந்த தூரம், எந்தக் கட்டத்தில் என்ன கட்டியிருக்கிறார், பை, மீட்டர்கள், இவ்வளவுதான். ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவில் எழுதினால் எண்ணைச் சாவியாக வைத்த டிக்‌ஷனரி திரும்பி வரும்போது சாவிகள் எழுத்துச்சரமாக வரும், முழு எண் தசம எண்ணாக வரும். படித்தவுடன் மாற்றிக்கொள்ளுங்கள்.

சேவ் கோப்பின் முதல் வரியில் பதிப்பு எண் இருக்கட்டும். எழுதும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்த பிறகு பெயரை மாற்றுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பழைய சேவ் தப்பிக்கும்.

10. வேறொருவர் கையில்

கேமைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள், அதுதான் கஷ்டம். முதல் பத்து நிமிடம் அவர் கை எங்கே போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அமைந்த முதல் ஆள் கொக்கியை வீசத் தெரியாமலே தாகத்தில் செத்தார். பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது.

வெளியிடுவதற்கு முந்தைய வாரம், சாவு வராதபடி அமைத்துவிட்டு, இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் மூன்றைப் பாருங்கள்: நினைவகம் ஏறியிருக்கிறதா, தெப்பம் இன்னும் நீரின்மேல் இருக்கிறதா, காட்சியில் எத்தனை பொருள் இருக்கிறது. நிமிடத்துக்கு 5 என்று எட்டு மணி நேரத்தில் 2,400 பொருள் வந்திருக்கும். எண்ணிக்கை அதற்குப் பக்கத்தில் இருந்தால், தெப்பத்தைத் தாண்டிப் பின்னால் போனவற்றை நீக்க மறந்திருக்கிறீர்கள்.